கதவு மாற்றும் நேரம்

புயல் போன மறுநாள் காலையில் எங்களைப் போன்ற கிராம நிர்வாக அலுவலர்கள் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பும் கணக்கில் கூரை வீட்டுக்கு இரண்டு கட்டம்தான். முழுச் சேதம், பகுதிச் சேதம். சுவர் நின்று கூரை மட்டும் போயிருந்தால் அது எந்தக் கட்டத்தில் சேரும் என்று ஒவ்வொரு புயலுக்கும் ஒரு சண்டை நடக்கும். எங்கள் ஊர் வேதாரண்யத்துக்கும் தலைஞாயிறுக்கும் நடுவே, கடலுக்கு அரை மணி நடையில் இருக்கிறது. நான் வேலை பார்த்ததும் பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். எண்பதுகளின் நடுவில் சேர்ந்தேன். கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு ஓய்வு பெற்றேன். இடையில் எழுதிக் கொடுத்த பட்டியல்களில் விழுந்ததெல்லாம் இருக்கிறது. நின்ற வீடு எப்படி நின்றது, முந்தின நாள் அந்த வீட்டுக்காரர் என்ன செய்தார் என்பது ஒரு வரிகூட இல்லை. அதைக் கேட்கும் கட்டம் அந்தக் காகிதத்தில் கிடையாது.

பழைய ஆவணங்களும் இந்த விஷயத்தில் எங்கள் அலுவலகத்தைப் போலத்தான். 1746 அக்டோபரில் சென்னைக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த லா பூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பல்களைப் புயல் உடைத்தது. 1761 புத்தாண்டு நாளில் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களை இன்னொரு புயல் உடைத்தது. எந்தக் கப்பல் மூழ்கியது, எது தப்பியது என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அன்றிரவு கரையில் எத்தனை கூரை பறந்தது என்று எண்ணியவர் யாருமில்லை. புயல் எச்சரிக்கை என்ற ஏற்பாடே கப்பலுக்காக வந்ததுதான். 1864இல் கல்கத்தாவைப் புயல் சூறையாடியபோது துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் நாசமாயின. அதற்கப்புறம்தான் துறைமுகங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற அக்கறை பிறந்தது. 1875இல் இந்திய வானிலைத் துறை ஏற்பட்டது. துறைமுகங்களில் ஒரே மாதிரியான அடையாளங்கள் ஏற்றும் வழக்கமும் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வந்துவிட்டது.

இன்றைக்கும் தொலைக்காட்சியில் “நாகை துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு” என்கிறார்களே, அதுதான். பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையும் ஏறும், இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். ஒன்றும் இரண்டும் ஏறினால் புயல் எங்கோ நடுக்கடலில் இருக்கிறது; மூன்று, நான்கு என்றால் துறைமுகத்துக்கே காற்று வரலாம்; ஐந்திலிருந்து ஏழு வரை அபாயம்; எட்டிலிருந்து பத்து வரை பெரும் அபாயம். பத்தோடு முடிந்துவிடவில்லை. பதினோராம் எண் ஒன்று உண்டு: வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசம் என்று துறைமுக அதிகாரி தானாகவே முடிவு செய்கிறார் என்று பொருள். அரசாங்கம் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள ஓர் எண்ணை ஒதுக்கி வைத்திருப்பது எனக்கு எப்போதும் பிடித்த சங்கதி.

ஆனால் நாகப்பட்டினத்தில் ஏறும் கூண்டு தெற்கே எங்கள் மணல் மேட்டில் இருப்பவன் கண்ணுக்குத் தெரியாது. கலெக்டருக்குத் தந்தி, அங்கிருந்து தாசில்தாருக்கு, அங்கிருந்து மணியக்காரருக்கு, கடைசியில் தலையாரி தப்படித்துச் சொல்வதற்குள் காற்று முந்திக்கொள்ளும். ஆகவே ஊர் கடலைக் கேட்டது, நிலாவைப் பார்த்தது. எங்கள் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, இரண்டிலும் கெட்டி.

நிலாவை ஏன் பார்க்க வேண்டும்? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் மற்ற நாளைவிடக் கூடுதலாக இருக்கும். அந்த ஏற்றத்தின் மேல் புயல் தள்ளும் தண்ணீரும் சேர்ந்தால் கடல் ஊருக்குள் வரும். வேலையில் சேர்ந்த பிறகு பழைய பஞ்சாங்கங்களை வைத்துப் பார்த்தேன். 1952 நவம்பர் 30, நாகப்பட்டினம் பக்கம் அடித்தது: மறுநாள் பௌர்ணமி. 1955 டிசம்பர் தொடக்கத்தில் தஞ்சாவூர், ராமநாதபுரம் கரையை அடித்தது: பௌர்ணமி கழிந்த கையோடு. 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியைக் கொண்டுபோனது: பௌர்ணமி கழிந்து நான்கு நாளுக்குள். 1977 நவம்பர் 12 விடியற்காலை, மறுபடி நாகப்பட்டினம் பக்கம்: முதல் நாள் அமாவாசை. எல்லாப் புயலும் நிலாவைப் பார்த்து வருவதில்லை; 2018 கஜா அரை நிலா நாளில்தான் வந்தது. ஆனால் அப்பாயி காலத்துப் பெரிய சாவுகளெல்லாம் நிறைந்த கடலோடு வந்தவை. அதனால், “அம்மாசிக்கும் பௌர்ணமிக்கும் காத்து கிளம்பினா வீட்டைப் பாக்காதே, மேட்டைப் பாரு” என்பார்.

ஐம்பத்திரண்டில் அப்பாயிக்கு முப்பது வயது இருக்கும். கார்த்திகைக்கு வாங்கிய அகல் விளக்குகள் கூடையோடு இருந்தன, ஏற்றவே இல்லை என்று சொல்வார். அந்தப் புயலில் ஏறத்தாழ 400 பேர் இறந்தார்கள். கடல்நீர் வயலுக்குள் கிலோமீட்டர் கணக்கில் ஏறி நின்றது. அவர் சொன்ன கதைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது சாவுக் கதைகள் அல்ல, அந்த வீட்டை அவர்கள் எப்படித் தயார் செய்தார்கள் என்பதுதான். அதைச் சொல்ல வேண்டுமானால் வீட்டைச் சொல்ல வேண்டும்.

மண்சுவர், மேலே கீற்று. எரவானம் அவ்வளவு தாழ்வு: முழுதாய்க் குனியாமல் யாரும் உள்ளே போக முடியாது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதை வறுமை என்று நினைப்பார்கள். வறுமையும் உண்டுதான். ஆனால் காற்று பிடித்துத் தூக்க எரவானத்தில் இடம் தரக்கூடாது என்பது கொத்தனுக்கும் தெரியும், வேய்கிறவனுக்கும் தெரியும். முகட்டு வளை, கைமரம், மேலே வரிச்சு, எல்லாம் தென்னங்கயிற்றாலும் பனைநாராலும் கட்டியது, ஆணி கிடையாது. கட்டு அசையும், நெகிழும், உடனே விட்டுவிடாது. கீற்றை மாசி பங்குனியில் மாற்றிவிடுவார்கள். ஐப்பசி பிறக்கும்போது கூரைக்கு வயது எட்டு மாதம்தான்.

காற்று வரும் என்று தெரிந்ததும் முதல் வேலை கயிறு. முகட்டுக்கு மேலே போட்டு இரண்டு பக்கமும் இறக்கித் தரையில் கட்டுவார்கள். எங்கள் மண் மணல் என்பதால் முளை அடித்தால் நிற்காது, ஈர மணலிலிருந்து நழுவி வந்துவிடும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். இடுப்பளவு பள்ளம் தோண்டி, அதில் ஒரு பூவரசங்கட்டையைப் படுக்கைவசமாகப் போட்டு, அதன் நடுவில் கயிற்றை முடிந்து மூடி மிதித்துவிடுவார்கள். அந்தக் கட்டையை வெளியே இழுக்க வேண்டுமானால் மேலே இருக்கிற மணல் முழுவதையும் சேர்த்துத் தூக்க வேண்டும். மீன்பிடிக்கிறவர்கள் தெருவில் கிழிந்த வலை கிடைக்கும். நெல்லோ புகையிலையோ கொடுத்து வாங்கிவந்து கீற்றின் மேல் விரித்து ஓரங்களில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிடுவார்கள். கயிறு வாங்க வக்கில்லாதவர்கள் வைக்கோலைப் பிரியாக முறுக்கிக் கட்டினார்கள்.

வடக்குப் பக்கத்துக்கு எப்போதும் கூடுதலாக இரண்டு கயிறு. காரணம் உண்டு. எங்களுக்குக் காற்றெல்லாம் திசைப்பெயரோடுதான்: வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம். வங்கக்கடல் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், கிழக்கிலிருந்து கரையேறும்போது அதன் எதிரில் நிற்கிறவனை முதலில் அடிப்பது வாடை. நடுப்பகுதி ஊருக்கு வடக்கே கடந்தால் வாடை கச்சானாகி அப்புறம் சோழகமாகும். தெற்கே கடந்தால் வாடை கொண்டலாகி, கடலைக் கரைக்குள் தள்ளும். தண்ணீர்ச் சாவு அங்கேதான். தலைக்கு நேராகவே வந்துவிட்டால் வாடை பேய்போல அடித்து, சட்டென்று நின்று, நட்சத்திரம்கூடத் தெரியும். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து சோழகம்.

இதற்கு எங்கள் வீட்டில் ஒரு நடைமுறை இருந்தது. வாடை அடிக்கும்போது வடக்கு வாசலை அடைத்து, உரலை நகர்த்தி முட்டுக்கொடுப்பார்கள். தெற்குக் கதவை ஒரு சாண் திறந்து வைப்பார்கள். உள்ளே புகுந்த காற்றுக்குப் போக வழி இல்லையென்றால் அது கூரையைத் தூக்கிக்கொண்டுதான் போகும். காற்று திரும்பினால் தெற்கை அடைத்து வடக்கைத் திறக்க வேண்டும். அதற்குத்தான் கதவு மாற்றும் நேரம் என்று பெயர். இருட்டில், காற்றின் இரைச்சலில், திசை திரும்புவதை யார் முதலில் கண்டுபிடிப்பது? அப்பாயி ஈர விரலைக் கதவிடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். இடையில் காற்று நிற்கும் அந்தச் சிறு பொழுதில் ஆண்கள் வெளியே ஓடித் தெற்குக் கயிறுகளை இறுக்குவார்கள். மற்ற யாரும் படி தாண்டக்கூடாது. “காத்து நின்னுடுச்சுன்னு வெளியில வந்தவன்தான் செத்தான்” என்பது அவர் ஓயாமல் சொல்லும் வாக்கியம்.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவலும் வெல்லமும் தூக்குவாளியில். தீப்பெட்டி அரிசிப் பானைக்குள், அரிசியின் நடுவே. விதைநெல் குதிரின் வாயைச் சாணி மெழுகி அடைப்பார்கள். விறகு பரண் மேலே. அரிக்கேன் விளக்கில் எண்ணெய் நிரப்பி வைப்பார்களே தவிர, காற்று முற்றினால் ஏற்ற மாட்டார்கள். கூரை விழுந்தால் தீப்பிடிக்கும். மாட்டைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிடுவது கட்டாயம். கட்டிய மாடு நின்ற இடத்தில் மூழ்கும், அவிழ்த்த மாடு நீந்திப் பிழைத்தாலும் பிழைக்கும். கடைசியாக அரிவாள். அது அப்பாயியின் கையிலேயே இருக்கும். மழையில் மண்சுவர் கரைந்து போனால் கூரை பறக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடும். பாரம் குறைவு என்பதால் யாரும் நசுங்க மாட்டார்கள். முகட்டுப் பக்கம் கீற்றை அறுத்து வெளியே வர வேண்டும். ஐம்பத்திரண்டில் அப்படித்தான் வந்தார்கள், கைக்குழந்தையாக இருந்த என் அத்தையோடு.

அந்த வீடு விழுவதற்காகவே கட்டிய வீடு என்று நான் சொல்வதுண்டு. கயிற்றால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியுமோ அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும், விழுந்தால் ஆளைக் கொல்லாமல் விழும். அடுத்த வாரம் கீற்று முடைந்து மறுபடி வேய்ந்துவிடலாம். இதில் ஏக்கம் ஒன்றும் வேண்டாம். கடல் உள்ளே வந்த இரவுகளில் அதே வீடு உள்ளே இருந்தவர்களோடு சேர்ந்து கரைந்தது. 1952இல் செத்தவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட வீடுகளில் இருந்தவர்கள்தான்.

மேட்டைப் பார்த்து ஓடலாம் என்றாலும் எல்லோருக்கும் ஒரே மேடு இல்லை. கருங்கல் மண்டபம் கோயிலுக்குள் இருந்தது. செங்கல் வீடும் மச்சும் மிராசுதாரிடம் இருந்தன. ஐம்பத்திரண்டில் எங்கள் தெரு ஜனம் கோயில் மண்டபத்துக்குப் போக முடிந்தது. வயலுக்கு அப்பால் சேரியில் இருந்தவர்களுக்கு அந்தப் படி ஏறும் உரிமை ஊர் வழக்கத்தில் இல்லை. சட்டம் 1947லேயே கோயில் கதவைத் திறந்துவிட்டது, ஊர் திறக்கவில்லை. அவர்கள் ஆற்றங்கரையிலும் களத்துமேட்டு வைக்கோல்போர் அடியிலும் கிடந்தார்கள். எழுபத்தேழில் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள்; வகுப்பறை வகுப்பறையாகப் பிரிந்து உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். புயல் எல்லோரையும் சமமாக்கியது என்று எழுதுகிறவர்கள் எந்த ஊர்ப் புயலைப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

எழுபத்தேழுக்குள் எங்கள் வீடு பாதி மாறியிருந்தது. புகையிலையில் கொஞ்சம் காசு பார்த்த அப்பா முன்கட்டுக்குச் சீமை ஓடு போட்டார். 1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடு அது. நூறு வருஷத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் அது இருந்தால் கௌரவம், பெண் கொடுப்பார்கள். மழைக்கு நல்லது, தீக்கு நல்லது. புயலுக்கு? ஓட்டை ஓட்டோடு சேர்த்துப் பிடித்திருப்பது அதனதன் பாரமும் ஒரு சின்னக் கொக்கியும்தான்.

அந்த வருஷம் தீபாவளி வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீக்கடை ரேடியோவில் திருச்சி நிலையம் புயல் செய்தி சொன்னது. எச்சரிக்கை கப்பலைவிட்டு வீட்டுக்கு வந்துசேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது. வந்தபோதும் ஊருக்கு ஒன்றிரண்டு ரேடியோதான். எனக்குப் பதினைந்து வயது. அப்பா ஓட்டின் மேல் தென்னை மட்டைகளைப் பரப்பிக் கயிறு போட்டார். அப்பாயி பின்கட்டு மாட்டுக் கொட்டகைக் கூரைக்குக் கட்டை புதைக்கச் சொன்னார். “மாட்டுக்கா இவ்வளவு பாடு?” என்று அப்பா அலுத்துக்கொண்டார்.

நள்ளிரவு தாண்டியதும் முதல் வரிசை ஓடு கிளம்பியது. ஒன்று போனதும் அதன் கீழ் இருந்ததற்குப் பிடி இல்லை; சீட்டுக்கட்டு சரிவதுபோல வரிசை வரிசையாகப் போயிற்று. பறந்த ஓடு எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் தெறிக்கும் சத்தம் இரைச்சலுக்கு மேலேயும் கேட்டது. தலையில் உரலோரத்துப் பாயையும் மரப்பலகையையும் கவிழ்த்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் கொட்டகைக்குத் தவழ்ந்து போனோம். அந்தக் கீற்றுக் கூரை விடிகிற வரை நின்றது. கொட்டகை மாடுகளை முன்னாடியே அவிழ்த்துவிட்டிருந்தார்கள். இரண்டு திரும்பி வந்தன, ஒன்று வரவில்லை. ஓடு வெட்டிச் செத்தவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டர் அளவில் அது கரையேறியது என்று பிறகு சொன்னார்கள். 560 பேர் இறந்தார்கள். பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். 23,000 கால்நடைகள் செத்தன. எம்.ஜி.ஆர். முதலமைச்சராகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஒரே வாரத்தில், நவம்பர் 19 அன்று, ஆந்திராவின் திவிசீமையில் இன்னொரு புயல் கடலைக் கொண்டுவந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடித்துக்கொண்டு போனது. எங்கள் புயலை நாடு மறந்ததற்கு அது ஒரு காரணம். எங்கள் ஊரில் இன்னும் கல்யாணத்தையும் பிறப்பையும் “புயலுக்கு முந்தின வருஷம்” என்றுதான் சொல்கிறார்கள். வடக்கு இந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் 2004இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் எங்களுக்குப் பெயராக இருந்தது ஆண்டுதான்.

அதற்குப் பிறகு அரசாங்கம் வீட்டை மாற்றத் தொடங்கியது. தொகுப்பு வீடு வந்தது; சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் வரிசை வரிசையாகக் கான்கிரீட் வீடுகள் எழுந்தன; 2010இல் குடிசைகளை எல்லாம் கான்கிரீட் வீடாக மாற்றும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், அடுத்த ஆண்டே ஆட்சி மாறி சூரிய ஒளிப் பசுமை வீடு. எந்த ஆட்சி வந்தாலும் குடிசைக் கணக்கு எடுத்து அலைந்தது நாங்கள்தான். 1991லும் 1993லும் காரைக்கால் பக்கம் கடந்த புயல்களுக்கு நான் எழுதிய பட்டியலில் பக்கம் பக்கமாகக் கூரை வீடுகள். 2008 நிஷா காற்றைவிட மழை. அப்போதே கூரை வீடு குறையத் தொடங்கிவிட்டது. காரைக்காலில் ராடாரும் வந்துவிட்டதால், புயல் எங்கே திரும்புகிறது என்று மணிக்கு மணி சொன்னார்கள்.

இந்த மாற்றத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2018 நவம்பர் 16 நள்ளிரவு கழிந்து, கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. முந்தின நாளே 80,000க்கும் மேற்பட்டவர்கள் முகாம்களுக்கு வந்துவிட்டார்கள். மற்றவர்கள் கான்கிரீட் வீடுகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை பெரிய புயலில் செத்தவர்கள் எண்ணிக்கை நூறை எட்டவில்லை. ஐம்பத்திரண்டையும் எழுபத்தேழையும் வைத்துப் பார்த்தால் இது சாதாரணக் காரியம் அல்ல.

ஆனால் அந்த இரவில் ஒன்றைக் கவனித்தேன். அப்பாயி சொன்னதுபோல வாடை அடித்தது, நின்றது. எங்கள் தெருவில் பிள்ளைகள் செல்போன் வெளிச்சத்தோடு வெளியே வந்துவிட்டார்கள், வண்டி கிடக்கிறதா என்று பார்க்க. காற்று திரும்பும் என்பது அவர்களுக்குத் தெரியாது; வீட்டுக் கதவை மாற்ற வேண்டிய அவசியம் இல்லாமல் போனதும் அந்த அறிவும் கூடவே போய்விட்டது. நான் கத்திய கத்தலில் உள்ளே ஓடினார்கள். பிறகு வந்த சோழகம்தான் தோப்பை முடித்தது. வாடையில் வேர் ஆடி நின்ற மரங்களை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த அடி படுக்கவைத்தது.

தோப்பு என்றால் தென்னை. 1934இல் மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் வந்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தண்ணீர் போனது. காலப்போக்கில் தென்னை எங்கள் கரையோர மணலிலும் பெருகியது. ஆள் கூலி ஏற ஏற, நெல்லிலிருந்தும் புகையிலையிலிருந்தும் ஜனங்கள் தென்னைக்கு மாறினார்கள். வைத்துவிட்டால் போதும், அப்புறம் மாதச் சம்பளம் மாதிரி. எங்கள் தலைமுறைக்கு வீடுதான் காற்றுக்குக் காப்பாற்ற வேண்டிய பொருள். என் மகன் தலைமுறைக்கு வீடு தானாக நிற்கும்; காற்றுக்கு நிற்காத சொத்து முழுவதும் வீட்டுக்கு வெளியே நின்றது. அதைக் கட்ட யாரிடமும் கயிறு இல்லை. நெட்டை மரம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம், நன்றாகக் காய்க்க இன்னும் மேலே. அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு. கிடந்த மரங்களின் மேல் ஏறி இறங்கி நான் எண்ணினேன். வேலி எங்கே என்று தெரியாததால் யாருடைய மரம் யாருடைய மனையில் விழுந்திருக்கிறது என்பதே பாதி இடங்களில் வழக்கானது.

பனை நின்றது. அதை எல்லோரும் கண்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் பனங்கொட்டை நட ஒரு கூட்டமே கிளம்பியது. நல்லதுதான். ஆனால் பனையேறத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இல்லை.

வீட்டுக்குள் இருந்தவர்கள் தயாராகாத இன்னொரு விஷயம் தண்ணீர். லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. கேரளத்திலிருந்துகூட மின்வாரிய ஆட்கள் வந்து வயலுக்குள் கம்பம் சுமந்தார்கள். ஆனாலும் உட்கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. புயலுக்கு முதல் நாள் எல்லோரும் மேல்நிலைத் தொட்டியை நிரப்பினார்கள், பவர் பேங்கில் சார்ஜ் ஏற்றினார்கள், மெழுகுவத்தி வாங்கினார்கள். மூன்றாம் நாள் தொட்டி காலி. ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் தோண்டி விட முடியாதே. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோய், மணிக் கணக்கில் வாடகை வாங்கித் தொட்டி நிரப்பினார்கள். எழுபத்தேழில் கூரையே இல்லாத வீட்டில் நாங்கள் காலையில் கிணற்றில் இறைத்துக் கஞ்சி காய்ச்சினோம், கொஞ்சம் உப்புக் கரித்தாலும். அந்தக் கிணற்றை மகன் வீடு கட்டும்போது மூடிவிட்டோம். எங்கள் பக்கம் பல வீடுகளில் இதே கதை. கஜாவுக்குப் பிறகு சிலர் கைப்பம்பு இறக்கினார்கள். நாங்கள் கிணற்றைத் தோண்டித் திறந்தோம். பழைய உறைகள் உள்ளே முழுதாகவே இருந்தன.

இப்போது எனக்கு இருக்கும் கவலை மாடி. வெயிலுக்கு நிழல் என்று சொல்லி, கஜாவுக்கு அப்புறம் எங்கள் பக்கம் மொட்டைமாடி தவறாமல் தகர ஷெட் எழும்புகிறது. நிவாரணம் வந்த காலத்தில் தார்ப்பாய்க்கு அடித்துக்கொண்டவர்கள், கொஞ்சம் காசு வந்ததும் தகடு வாங்கிவிட்டார்கள். நான்கு பக்கமும் திறந்த இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே நீளமான தகடு. காற்று அடியில் புகுந்தால் தூக்குவதற்கு இதைவிட வசதியான பொருள் கிடையாது. சீமை ஓடு எதிர்வீடு வரைதான் போயிற்று. இந்தத் தகடு தெருவைத் தாண்டும். சேதப் பட்டியலில் இதைப் பெரும்பாலும் வீட்டில் சேர்க்கவும் மாட்டார்கள்.

மகனிடம் சொன்னேன், வேண்டாம் என்று. “எல்லாரும் போட்டிருக்காங்கப்பா” என்றான், போட்டுவிட்டான். அப்புறம் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். எல்லா ஜே போல்ட்டையும் நெருக்கமாகப் போடுவது, ஓரத்துத் தகடுகளுக்கு இரட்டையாகப் போடுவது. காற்று எச்சரிக்கை வந்தால் வடக்கு வரிசைத் தகடுகளைக் கழற்றிக் கீழே இறக்கி மண்ணெண்ணெய் டின்களுக்குப் பின்னால் படுக்கவைப்பது. புரட்டாசி முடிந்ததும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் நட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்ப்பது என் பொறுப்பு. போன வருஷம் துருப்பிடித்த ஏழெட்டை மாற்றச் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் துருப்பிடிக்காத போல்ட் நாகப்பட்டினத்திலிருந்து வரவேண்டும் என்கிறார்.